பட்டியலின் கடைசியில் தொண்ணூற்றொன்பது

கோர்பிவாரா,
21 ஆகஸ்ட் 2022

என் அன்பு மருமகள் ஹில்ப்பாவுக்கு,

மாமா தாவெத்தி எழுதுவது. நான் நலம், என் முழங்கால் மட்டும் அவ்வளவு நலமில்லை. துர்க்குவில் உன் உடம்பு எப்படி, வேலை எப்படி? நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன் அம்மா சைமி போனில் என்னிடம் முறையிட்டாள், ஏதோ நான்தான் உன் தட்டைப் பிடுங்கிக்கொண்டது போல.

நீ நானூறு சர்வர் கணினிகளை மேய்ப்பவள். நானும் இங்கே ஒன்றை மேய்க்கிறேன் என்பதை மறந்துவிடாதே. ரொட்டி டப்பா அளவுதான் இருக்கும். நம் தண்ணீர்ச் சங்கத்தின் பம்பு அறையில் உட்கார்ந்துகொண்டு, பம்பு நின்றாலோ அழுத்தம் குறைந்தாலோ எங்கள் போனுக்குச் செய்தி அனுப்பும். முறைவைத்துப் பார்த்துக்கொள்வது மூன்று பேர்: நான், சங்கத் தலைவன் கௌக்கோ, பள்ளிச் சமையலறையிலிருந்து ஓய்வு பெற்ற லெம்பி.

இரண்டு வாரமாக அந்த டப்பா ஒரே புலம்பல். டிஸ்கில் இடமில்லை, அப்டேட் ஏறவில்லை என்று. கௌக்கோ கடமானை எதிரே நின்று சுடுவான், கணினியைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். "டேய் தாவெத்தி, புதுசா ஒண்ணு வாங்கணுமோ?" என்றான். "புதுசா? என்னடா பேசுற, என்கிட்ட விடு" என்றேன்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன்தான். ஆனால் நகராட்சி நடத்திய இரண்டு நாள் கணினி வகுப்பில் முதல் மாணவன் நான். வந்தவர்கள் நான்கு பேர், அதில் ஒருவர் தூங்கிவிட்டார் என்பது வேறு விஷயம். சான்றிதழ் என் சுவரில் கண்ணாடிக்குள் தொங்குகிறது. ராணுவத்தில் ஒரு தேக்கரண்டியால் தொலைபேசி நிலையத்தையே சரிசெய்தவனுக்கு இது எம்மாத்திரம்?

கெர்னல் என்பது, இயந்திரம் விழித்ததும் முதலில் எழுந்து மற்ற எல்லாரையும் எழுப்பும் மேஸ்திரி. ஒவ்வொரு அப்டேட்டிலும் புது மேஸ்திரி வருகிறான்; பழையவன் வீட்டுக்குப் போவதில்லை. டிஸ்கில் தொடக்கத்துக்கென்று இருக்கும் சின்ன அறையில் ஆறு பேர் தோளோடு தோள் நின்றார்கள். என் மடிக்கணினியை வயரால் மாட்டிப் பட்டியல் போட்டேன். 100, 104, 107, 110, 122, 99. பழையது மேலே, புதியது கீழே, அதுதானே எந்தப் பட்டியலுக்கும் முறை? எண்ணைப் பார்த்து ஏமாறுகிறவன் நான் இல்லை. என் இரண்டு படகு மோட்டார்களில் இருபது குதிரைத்திறன்தான் பழசு, பத்துக் குதிரைத்திறன் புதுசு. மேலிருந்து ஐந்தையும் ஒரே தட்டில் அழித்தேன். கடைசியில் நின்ற 99ஐ வைத்துக்கொண்டேன். அறையில் எண்பது சதவீதம் காலி! மறுபடி நிறையக் கூடாதே என்று அப்டேட் வரும் வழியையும் மூடிவிட்டேன்.

கடையில் எல்லாரும் காப்பி குடிக்கும் மேசையில் கௌக்கோ இதை எழுந்து நின்று அறிவித்தான். லெம்பி, "தாவெத்திக்கு விரல்லயே மூளை" என்றார். எனக்கு அறுபத்து மூன்று வயதாகிறது ஹில்ப்பா, இந்த மேசையில் என்னைப் பற்றி யாரும் எழுந்து நின்று பேசியதில்லை.

நேற்று பதினான்கு கிலோ விலாங்கு ஒன்று மாட்டியது. நூல் அறுந்தது, அதனால் எடை என் கணக்கு.

உன் வயிறும் மனமும் நிறைந்திருக்க வேண்டிக்கொள்ளும்,
மாமா தாவெத்தி


துர்க்கு,
3 செப்டம்பர் 2022

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன், அம்மாவிடம் சொல்லுங்கள். முழங்காலை மருத்துவரிடம் காட்டினீர்களா?

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மாமா, அந்தப் பட்டியல் பெயர் வரிசையில் வருவது, வயது வரிசையில் அல்ல. அது எண்ணை எழுத்து எழுத்தாகப் பார்க்கும். ஒன்றில் தொடங்குவதெல்லாம் மேலே, ஒன்பதில் தொடங்குவது கீழே. அதனால்தான் 99 கடைசியில் நின்றது. உள்ளதில் பழையது அதுதான். நீங்கள் எழுதியபடியே செய்திருந்தால், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் 122ஐ அழித்துவிட்டீர்கள்.

பயப்பட வேண்டாம். இது எல்லாருக்கும் நடப்பது, எங்கள் அலுவலகத்தில் சான்றிதழ் நிறைய வைத்திருப்பவருக்கும் நடந்தது. ஓடுகிற கெர்னல் நினைவகத்தில் இருப்பதால் இயந்திரம் ஒன்றும் தெரியாததுபோல ஓடிக்கொண்டே இருக்கும். அணைந்து எழும்போதுதான் 122ஐத் தேடும், காணாது, யாராவது ஒரு விசையை அழுத்தட்டும் என்று அப்படியே நின்றுவிடும். அந்த நிலையில் உங்கள் மடிக்கணினியாலும் உள்ளே நுழைய முடியாது; டப்பாவுக்கென்று திரையும் கிடையாது, விசைப்பலகையும் கிடையாது.

பழையவற்றைக் கோப்பாகப் பிடித்து அழிக்கக் கூடாது. மென்பொருள்களை ஏற்றி இறக்கும் பொதி நிர்வாகி நிரலிடம் சொன்னால் அதுவே பார்த்து எடுக்கும். ஓடுவது ஒன்று, அதற்கு முந்தையது ஒன்று, இரண்டை எப்போதும் விட்டுவைக்கும்.

எந்த எண் ஓடுகிறது, எந்த எண் மிச்சமிருக்கிறது என்று பார்த்து எனக்குப் போன் செய்யுங்கள். பத்து நிமிட வேலை. அதுவரை அதை அணைக்காதீர்கள்.

முத்தங்களுடன்,
ஹில்ப்பா


கோர்பிவாரா,
18 அக்டோபர் 2022

அன்பு ஹில்ப்பாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். பதில் தாமதம், மன்னிக்கவும். இந்த வருடம் காட்டில் லிங்கன்பெரிப் பழம் கொட்டிக் கிடந்தது. நான் தனியாளாக நூற்றிருபது லிட்டர் பறித்தேன், ஒரு கரடியோடு புதரைப் பங்குபோட்டுக்கொண்டு. கரடி மரியாதையாகத் தன் பக்கம் பறித்தது, நான் என் பக்கம்.

கௌக்கோ இந்தப் பருவத்தின் முதல் கடமானைச் சுட்டான். சங்கத்து வீடுகளுக்கெல்லாம் இறைச்சி பங்கு வந்தது. லெம்பி தன் முறை வாரத்தில் பம்பு அறையையே துடைத்துவிட்டார், சர்வர் டப்பாவையும் வாக்குவம் கிளீனரால் தூசி எடுத்து மணமகன் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார். அந்தப் பெண்மணிக்கு அழுக்கு என்றால் ஆகாது.

என் முழங்காலுக்குப் புது மாத்திரை. கடைக்காரி இப்போது தன் போனில் எது கெட்டாலும் என்னிடம்தான் கொண்டுவருகிறாள். கெர்னல் விஷயம் பார்த்துக்கொண்டேன், எல்லாம் ஒழுங்கு. ஏரி ஓரத்தில் மெல்லிய பனிக்கட்டி கட்ட ஆரம்பித்துவிட்டது.

குளிருக்குக் கம்பளிக் காலுறை போட்டுக்கொள் என்று சொல்லும்,
மாமா


துர்க்கு,
25 அக்டோபர் 2022

அன்புள்ள மாமா,

நலம், காலுறை போட்டிருக்கிறேன். கரடியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

எண்ணை எழுதவில்லையே. எந்த எண் ஓடுகிறது?

ஹில்ப்பா


கோர்பிவாரா,
4 டிசம்பர் 2022

அன்பு மருமகளே,

உயிரோடு இருக்கிறேன். இந்த வாரம் அதுவே பெரிய நலம்.

உன் அம்மா சொல்லியிருப்பாள். நவம்பர் 24ஆம் தேதி புயல். ஏழு கிராமத்து மரங்கள் கம்பிமேல் படுத்துவிட்டன, ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. வந்தபோது வெளியே மைனஸ் இருபத்து நான்கு. பம்பு எழுந்தது, சர்வர் எழவில்லை. முறை லெம்பியுடையது. அவர் டப்பாவை நான்கு முறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு கௌக்கோவிடம் சொல்ல, அவன் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறான். இடையில் பம்பு மறுபடி நின்றுவிட்டது. செய்தி அனுப்ப ஆள் இல்லை. விடிவதற்குள் பாலத்தடியில் போகும் குழாய் உறைந்துவிட்டது. வடகரையில் முப்பத்தெட்டு வீட்டுக்கு மூன்று நாள் தண்ணீர் இல்லை, பண்ணையில் ஐம்பது மாடுகளுக்கும்.

நான் சும்மா இருப்பேனா? பனியில் துளை போட்டு, பால் கேன்களில் ஏரித் தண்ணீர் நிரப்பி, ஸ்லெட்ஜ் சறுக்குவண்டியில் கட்டி ஓட்டினேன். இருநூறு நடை. சரி, நாற்பது நடை. மாகாணப் பத்திரிகைக்காரர் என் படம் எடுத்தார். மூக்கில் பனி, தோளில் கேன். "வடகரையைக் காத்த தாவெத்தி" என்று போட்டார்கள், வெட்டி உள்ளே வைத்திருக்கிறேன். கிழவிகள் கையைப் பிடித்து அழுகிறார்கள்.

சர்வர் ஏன் செத்தது என்று கடை மேசையில் பேச்சு. "கடைசியா அதைத் தொட்டது யாரு?" என்றான் கௌக்கோ. வாக்குவம் கிளீனர் எல்லாருக்கும் நினைவு வந்தது. "மூளையையும் சேர்த்து உறிஞ்சிட்டாங்கப்பா" என்று ஒருவர் சொல்ல, மேசையே சிரித்தது. இப்போது ஊரில் வாக்குவம் லெம்பி என்றுதான் பெயர். சங்க வாரியம் அவரை முறைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, மரியாதையாகத்தான்.

டப்பாவை உனக்குப் பேருந்துப் பார்சலில் கௌக்கோ அனுப்புகிறான். தூசி எடுக்கும்போது சில சமயம் மின்பொறி தாக்கிப் பாகங்கள் கெடும் என்று படித்திருக்கிறேன். அப்படித்தானே இருக்கும்? நீ பெரிய இடத்தில் இருப்பவள், உன் வாயால் சொன்னால் பேச்சு முடிந்துவிடும்.

பதிலை எதிர்பார்க்கும்,
மாமா


துர்க்கு,
11 டிசம்பர் 2022

அன்புள்ள மாமா,

உங்களுக்கு அடி ஒன்றும் படவில்லையே? மைனஸ் இருபத்து நான்கில் அந்த முழங்காலோடு நாற்பது நடை. படத்தைப் பார்த்தேன், அம்மா ஒன்றை ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள்.

பெட்டி வந்தது. பாகங்கள் எதுவும் கெடவில்லை, உள்ளே சுத்தமாக இருக்கிறது. என் மேசையில் திரையை மாட்டியதும், 122இன் கோப்பைக் காணவில்லை என்று ஒரு வரி வந்து நின்றது. இருபது நிமிடத்தில் சரியாகிவிட்டது. புதுக் கெர்னல் போட்டேன், பழையதைச் சுத்தம் செய்யும் வேலையைப் பொதி நிர்வாகியிடமே ஒப்படைத்தேன், நீங்கள் மூடிய அப்டேட் வழியைத் திறந்துவிட்டேன். நாளை திருப்பி அனுப்புகிறேன்.

இயந்திரம் யார் என்ன தட்டினார்கள் என்பதை ஆள் ஆளாக, வரிவரியாக, நாளோடு எழுதி வைத்துக்கொள்ளும். படித்தேன். ஆகஸ்ட் வரிகளையும் படித்தேன், செப்டம்பர் ஒன்பதாம் தேதி வரியையும் படித்தேன்.

வாரியத்துக்கு ஒரு தாள் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். தொடக்கக் கோப்புகள் அழிக்கப்பட்டிருந்தன, தூசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று இருக்கிறது. யார் பெயரும் இல்லை. கௌக்கோவுக்கு நேரே அனுப்பாமல் உங்களுக்கு அனுப்புகிறேன். நீங்களே கொடுங்கள். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஹில்ப்பா


கோர்பிவாரா,
2 ஜனவரி 2023

அன்பு ஹில்ப்பாவுக்கு,

புது வருட வாழ்த்துகள். பெட்டி வந்து சேர்ந்தது, எழுந்து வேலை செய்கிறது. உன் அம்மா வந்து நான்கு நாள் இருந்தாள். பன்றித்தொடை அடுப்பில் பதினோரு மணி நேரம் இருந்தது, கத்தி போட்டதும் வெண்ணெய் மாதிரி. சவுனா நீராவி அறையில் நான் நூற்றிருபது பாகையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன், சைமி சாட்சி. அவள் ஐந்து நிமிடத்தில் ஓடிவிட்டதால் முழுச் சாட்சி இல்லை.

வாரியக் கூட்டம் கௌக்கோவின் காய்ச்சலால் தள்ளிப்போயிற்று. பிறகு விடுமுறை. தாள் பத்திரமாக இருக்கிறது.

கிராம மண்டபத்தில் கிறிஸ்மஸ் அரிசிக் கஞ்சியை எப்போதும் லெம்பிதான் கிண்டுவார். இந்த வருடம் வரவில்லை. கௌக்கோவின் மனைவி கிண்டினாள், அடிப்பிடித்துவிட்டது. எல்லாரும் நன்றாயிருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டோம்.

வெளிச்சம் நாளுக்கு மூன்று நிமிடம் கூடுகிறது.

மாமா


கோர்பிவாரா,
6 பிப்ரவரி 2023

மதிப்பிற்குரிய ஹில்ப்பா அவர்களுக்கு,

நலம், தங்கள் நலம் அறிய விருப்பம். என்னைத் தங்களுக்கு நினைவிருக்காது. பள்ளியில் தங்களுக்குப் பட்டாணி சூப் ஊற்றியிருக்கிறேன், கேரட்டை ஓரத்தில் ஒதுக்கி வைப்பீர்கள். முகவரியைத் தங்கள் தாயாரிடம் வாங்கினேன். தொந்தரவுக்கு மன்னிக்கவும்.

சர்வரைத் தாங்கள்தான் சரிசெய்ததாகக் கேள்விப்பட்டேன். ஒரே ஒரு கேள்வி. அக்டோபரில் நான் அதைத் தூசி எடுத்தேன். மென்மையான தூரிகை முனையைத்தான் போட்டேன், வெளியே மட்டும்தான் எடுத்தேன், பின்னால் வயர் இருக்கும் பக்கம் தொடவில்லை. அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் இரவும் பகலும் யோசித்து யோசித்து, தொட்டேனோ என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. அதனால் கெட்டிருக்குமா?

ஆமாம் என்றால் ஆமாம் என்றே எழுதுங்கள். பண்ணையில் குழாய் நின்றதால் மாடுகளை ஏரித் துளைக்கு ஓட்டியபோது ஒரு பசு பனிக்கட்டியில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டது. சுட வேண்டியதாயிற்று. சினைப்பசு. அது என்னால் என்றால், பண்ணைக்காரரிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நம் ஊர்க் கடைக்கு மறுபடி போக வேண்டும். இப்போது நாற்பது கிலோமீட்டர் தள்ளிக் குஹ்மோ நகரில் சாமான் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

முப்பத்தொரு வருடம் சமைத்தேன். என் கையால் ஒரு பிள்ளைக்கும் வயிறு வலித்ததில்லை.

மரியாதையுடன்,
லெம்பி


துர்க்கு,
14 பிப்ரவரி 2023

மாமா,

லெம்பியின் கடிதத்தை அப்படியே உள்ளே வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதிய எந்தக் கடிதத்திலும் அந்தப் பசு இல்லை.

நான் அவருக்குப் பதில் எழுதவில்லை. அந்தப் பதில் என்னிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. மார்ச் 26 உங்கள் ஆண்டுக் கூட்டம் என்று அம்மா சொன்னாள். 27ஆம் தேதி நான் அவருக்கு எழுதுவேன், யார் என்பதோடு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹில்ப்பா


கோர்பிவாரா,
27 மார்ச் 2023

ஹில்ப்பா,

நீ எழுத வேண்டியதில்லை.

செப்டம்பரில் உன் கடிதம் வந்த அன்றே பம்பு அறைக்குப் போனேன். மடிக்கணினியை மாட்டி நீ சொன்னபடி தட்டினேன். ஓடுவது 122, இருப்பது 99. அந்த வரியைத்தான் நீ பார்த்தாய். அங்கே இருந்த வாளியைக் கவிழ்த்து அதன்மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். போன் சட்டைப் பையில் இருந்தது. பத்து நிமிட வேலை என்று எழுதியிருந்தாய். ஆனால் உன்னிடம் கேட்டால் கௌக்கோவுக்குத் தெரியும், கௌக்கோவுக்குத் தெரிந்தால் மேசைக்குத் தெரியும். டப்பா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வருடமாக மின்சாரம் போய் அணைந்ததில்லை, இனியும் அணையாது என்று எழுந்து வந்துவிட்டேன். அடுத்த வாரம் சொல்வது இன்னும் கடினமாக இருந்தது. அதற்கடுத்த வாரம் அதைவிட.

சர்வர் எழவில்லை என்று கேட்ட நிமிடமே எனக்குத் தெரியும். அதனால்தான் அப்படி ஓடி ஓடித் தண்ணீர் சுமந்தேன். அப்போது மேசையில் வாக்குவம் கிளீனர் பேச்சு வந்தது. என் நெஞ்சு லேசானது. எல்லாவற்றையும்விட அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. "மூளையையும் சேர்த்து உறிஞ்சிட்டாங்கப்பா" என்று சொன்னது ஒருவர் என்று எழுதினேன். நான்தான் சொன்னேன். பெயரையும் நான்தான் வைத்தேன்.

லெம்பியின் கடிதம் வந்தபின் ஐந்து வாரம் அதோடு குடியிருந்தேன். நேற்று முன்தினம் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவைப் பாதி திறந்தார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"சொல்லுங்க தாவெத்தி. குளிர் உள்ள வருது."

"அது தூசி இல்ல லெம்பி. நான்தான்."

"என்ன நீங்கதான்?"

"கெர்னலை அழிச்சது. ஆகஸ்ட்லயே. பழசுன்னு நினைச்சு ஓடிக்கிட்டிருந்ததைத் தூக்கிட்டேன். மின்சாரம் போய் வந்ததும் அதால எழ முடியல."

அவர் கதவின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"செப்டம்பர்ல."

"நான் தூசி எடுத்தது அக்டோபர்ல."

"ஆமா."

"அப்ப நான் பிரஷ்ஷை எடுத்துக்கிட்டு உள்ள வந்தப்பவே உங்களுக்குத் தெரியும். 'பளபளன்னு ஆக்கிட்டீங்களே லெம்பி'ன்னு சொன்னீங்க."

"ஆமா."

"நான் பண்ணலன்னு எனக்குத் தெரியும்னு நினைக்கிறீங்களா? தெரியல தாவெத்தி. நாலு மாசமா எனக்கே தெரியல." பிறகு சொன்னார், "இதை எதுக்கு என் வாசல்ல வந்து சொல்றீங்க? பேரு வச்ச இடத்துல போய்ச் சொல்லுங்க." கதவு சாத்தப்பட்டது. மெதுவாகத்தான் சாத்தினார்.

நேற்று மண்டபத்தில் அறுபது பேர். ஏழாவது விஷயமாக உன் தாளை வாசித்தேன். இரண்டு வரியை இரண்டு முறை வாசித்துவிட்டேன். பிறகு, அந்த ஐந்தையும் அழித்தது நான், தெரிந்தே மறைத்ததும் நான், லெம்பிக்கு அந்தப் பெயரை வைத்ததும் நான் என்றேன். பண்ணைக்காரரைப் பார்த்து, உங்கள் பசுவும் என்னால்தான் என்றேன்.

யாராவது கத்துவார்கள் என்று நினைத்தேன். நம் ஊரைத் தெரியாதா உனக்கு? காப்பி இயந்திரம் மட்டும் கொரகொரவென்றது. பண்ணைக்காரர் தன் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். கௌக்கோ என்னைப் பார்க்காமல், "எழுதிக்கிட்டாச்சு. எட்டாவது, பாலத்தடிக் குழாய்" என்றான். லெம்பி எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் கடைசி விஷயம்வரை உட்கார்ந்திருந்தேன்.

காப்பிக்கு வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் ஒரு இடம், பின்னால் ஒரு இடம் காலியாக இருந்தது.

வேறு செய்தி இல்லை.

தாவெத்தி


துர்க்கு,
5 ஏப்ரல் 2023

அன்புள்ள மாமா,

நலமாக இருக்கிறீர்களா? சும்மா கேட்கவில்லை.

லெம்பிக்கு எழுதிவிட்டேன். யார் என்று எழுதவில்லை, அது தேவைப்படவில்லை. மன்னிப்புக் கேட்டேன். எண்ணை நீங்கள் எழுதாதபோதே அக்டோபரில் எனக்குப் புரிந்துவிட்டது. போன் செய்திருக்கலாம். மாமாவைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று கடிதத்திலே சாமர்த்தியமாக ஒரு கேள்வி கேட்டதோடு விட்டுவிட்டேன். டிசம்பரிலும் தாளை உங்களிடம் அனுப்பி நல்லவளாக இருந்துகொண்டேன். அந்த மாதங்களெல்லாம் அவர் குஹ்மோவுக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

சர்வரில் உங்கள் கணக்கை எடுத்துவிடச் சொல்லி கௌக்கோ எழுதியிருந்தார். எடுத்துவிட்டேன். உங்களிடம் நானே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

ஹில்ப்பா


கோர்பிவாரா,
14 மே 2023

அன்பு ஹில்ப்பாவுக்கு,

நலம். ஏரியில் பனிக்கட்டி போன வியாழன் உடைந்தது. கணக்கை எடுத்தது சரிதான். வாரியத்திலிருந்து வந்த கடிதத்தில் முறைப் பட்டியலில் லெம்பி மட்டும் இருந்தார், எல்லா வாரமும். அவரே கேட்டு வாங்கினாராம்.

நேற்று சனிக்கிழமை லெம்பியிடமிருந்து போன் வந்தது. "பம்பு அறைக்கு வாங்க. சாவி என்கிட்ட இருக்கு" என்றார். போனேன். ஒரு திரையும் விசைப்பலகையும் கொண்டுவந்து மாட்டியிருந்தார். நீ அவருக்கு எழுதி அனுப்பிய குறிப்பு பக்கத்தில் இருந்தது. எனக்கு வாளியைக் காட்டினார், உட்கார்ந்தேன். பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றினார், ஒரே கோப்பை, தனக்கு.

கெர்னல் பட்டியலைப் போட்டார். மூன்று இருந்தது. "சத்தமா வாசிங்க" என்றார். வாசித்தேன். எது ஓடுகிறது என்று தட்டிப் பார்த்தார், அதையும் வாசிக்கச் சொன்னார். பழையதை எடுக்கும் கட்டளையைத் தட்டி, எதை எடுக்கப்போகிறது என்று இயந்திரமே காட்டிய வரியை விரலால் தொட்டார். எடுக்கவா, ஆமாமா இல்லையா என்று கேட்டுக்கொண்டு அது காத்திருந்தது. கடைசியில் நான் கேள்விப்படாத ஒரு பொதியின் பெயரும் இருந்தது.

"இது என்ன?" என்றார்.

என் வாயில் பதில் தயாராக இருந்தது ஹில்ப்பா. மேஸ்திரியின் கையாள், கருவிப்பெட்டி தூக்குபவன் என்று சொல்லத் தொடங்கியிருப்பேன். நன்றாகவும் வந்திருக்கும்.

"தெரியாது" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நவம்பருக்குப் பிறகு நேராக முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் முறை.

"எனக்கும் தெரியாது" என்றார். இல்லை என்று அழுத்திவிட்டு, அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதினார். தாளை என்னிடம் நீட்டி, "உங்க மருமககிட்ட கேட்டு அடுத்த சனிக்கிழமை வந்து சொல்லுங்க" என்றார்.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இது என்ன என்று எனக்குப் புரியும்படி எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
மாமா தாவெத்தி